மச்சாளுக்கு வந்த கடிதம்

என் மச்சாளுக்கு வந்த ஒரு கடிதத்தை நான் அவளுக்குப் பொய்யாக வாசித்துக் காட்டினேன். பிறகு அதை என்னுடைய தடித்த ஆங்கில அகராதிக்குள் வைத்து மூடினேன். அப்போது எனக்கு எழுபத்தெட்டு வயது. அறியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்ப முடியாத வயது.

மச்சாள் என் மனைவியின் தங்கை. கல்யாணம் செய்யாதவள். காலம் பிந்திப் பிறந்த எங்கள் ஒரே மகளுக்கு இரண்டு வயதாக இருந்தபோது, பிள்ளையைப் பார்க்க 'ஒரு ஆறு மாதத்துக்கு' என்று ரொறன்ரோவில் வந்து இறங்கினாள். அந்த ஆறு மாதம் முப்பத்து மூன்று வருடமாக நீண்டது. மகள் வளர்ந்து படித்துக் கல்யாணம் முடித்து ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் பெரிய வீடு வாங்கிப் போய்விட்டாள். ஐந்து வருடத்துக்கு முன் மனைவியும் போய்விட்டாள். மில்லிக்கன் பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் மிஞ்சியது நாங்கள் இரண்டு பேர். நான் மேசையில் இருந்து சாப்பிடுவேன். அவள் அடுப்பங்கரையில் நின்றுகொண்டே சாப்பிடுவாள். ஏன் நிற்கிறாய் என்று நான் கேட்டதில்லை. எனக்கு அது கண்ணில் பட்டதே இல்லை.

அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது என்றில்லை. பஸ்ஸில் சண்டை பிடிக்க, மீன்கடையில் பேரம் பேச, டொக்டரிடம் எங்கே நோகிறது என்று சொல்லப் போதுமான இங்கிலீஷ் அவளிடம் இருந்தது. அரசாங்கக் கடிதம் என்றால் மட்டும் உறையைக்கூடக் கிழிக்காமல் என் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிடுவாள். காரணம் இருந்தது. ஊரில் நான் உயர்தர வகுப்புக்கு வரலாறு படிப்பித்தவன். இங்கே பத்தொன்பது வருடம் விசாரணை மன்றங்களில் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்தவன். ஒரு சொல் கூட்டவும் மாட்டேன், ஒரு சொல் குறைக்கவும் மாட்டேன் என்று ஒவ்வொரு காலையும் கை உயர்த்திச் சத்தியம் செய்துவிட்டு வேலையைத் தொடங்குவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அந்தக் கடிதம் வந்தது. முதியவர்களுக்கு வீடு கொடுக்கும் அலுவலகம் அனுப்பியிருந்தது. ஏழு வருடத்துக்கு முன் அக்காவும் தங்கையும் சேர்ந்து ஒரு விண்ணப்பம் நிரப்பி அனுப்பியிருந்தார்கள். நான் அதை இரண்டு பெண்களின் விளையாட்டு என்று நினைத்து மறந்திருந்தேன். இப்போது ஓர் அடுக்குமாடியில் ஒற்றை அறை வீடு ஒன்று காலியாகியிருக்கிறது, பத்து நாளுக்குள் சம்மதம் தெரிவிக்க வேண்டும், தவறினால் அது வரிசையில் அடுத்தவருக்குப் போகும் என்று எழுதியிருந்தது.

"என்னவாம் அத்தான்?" என்று கேட்டாள்.

"விலாசம் சரியோ எண்டு கேட்கிறாங்கள். இன்னும் லிஸ்டிலைதான் இருக்கிறீராம்."

"இன்னும் எத்தினை வருசமாம்?"

"அது சொல்லேல்லை."

"செத்தாப் பிறகு தருவாங்களாக்கும்" என்று சிரித்துவிட்டு, குழலிலிருந்து புட்டைத் தட்டில் தள்ளினாள்.

தனிமைக்குப் பயந்து அப்படிச் செய்தேன் என்று எழுதினால் வாசிப்பவர்கள் என்மேல் இரங்கக்கூடும். உண்மை அதைவிடச் சின்னது. நான் காலை ஆறரைக்கு என் கைக்கு வரும் தேத்தண்ணியை நினைத்தேன். பிறகு அந்தப் புட்டை நினைத்தேன். அவ்வளவுதான். அடுத்த வாரம் தாண்டி, திங்கட்கிழமை, கெடு முடிந்தது. அன்று பின்னேரம் நான் பாட்டுக் கேட்டுக்கொண்டு கொஞ்சம் கூடுதலாகவே சாப்பிட்டேன்.

இனி ஒரு ரீவி நாடகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

புதன்கிழமைகளில் எங்கள் பக்கத்து மண்டபம் ஒன்றில் தமிழ் முதியோர் கூடுவோம். இருபது பேர் வருவோம். தலைவி மட்டக்களப்பில் பாடசாலை அதிபராக இருந்தவர். இன்னும் யாராவது பிந்தி வந்தால் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுத்தான் வணக்கம் சொல்வார். முதலில் கதிரையில் இருந்தபடி உடற்பயிற்சி, பிறகு வடை, பிறகு பெரிய ரீவியில் ஏதாவது படம். முன்பு ஒரு தமிழ்த் தொடர் பார்த்தோம். அதில் வரும் மாமியார் செய்தது சரியா பிழையா என்பதில் இரண்டு பேருக்கு இடையில் பேச்சுவார்த்தை நின்றுபோனதால் தலைவி அதை நிறுத்திவிட்டார்.

அந்த மண்டபத்தின் பராமரிப்பாளர் கரீபியன் தீவு ஒன்றில் பிறந்தவர். என்னைவிடப் பத்து வயது குறைவு, உயரத்தில் ஒன்றரை மடங்கு. சண்டையைக் கேள்விப்பட்டு, "நான் ஒன்று போட்டுத் தருகிறேன், பாருங்கள். எங்கள் ஆட்களின் கதை" என்று தானே ரிமோட்டை வாங்கி ஒரு தொடரைத் தேடிப் போட்டார். ஒரு தீவில் ஒரு கரும்புத் தோட்டம், அதில் அடிமைகளாக வேலை செய்தவர்கள், அந்த அடிமை முறை சட்டப்படி முடிவுக்கு வந்த கடைசி வருடங்கள். எட்டுப் பகுதி. எங்கள் ஆட்கள் அதற்கு 'கரும்பு' என்று பெயர் வைத்தார்கள். "இண்டைக்குக் கரும்பு இருக்கோ?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருவார்கள்.

மொழிபெயர்ப்பு என் வேலை. தோட்டத்துரையின் இங்கிலீஷ் எனக்கு விளங்கும். அடிமைகள் தங்களுக்குள் பேசுவது பாதிதான் விளங்கும். அப்போது பராமரிப்பாளர் துடைப்பத்தடியில் சாய்ந்துகொண்டு வாசலில் நின்று அதை நேரான இங்கிலீஷில் சொல்வார். நான் தமிழில் சொல்வேன். அது இருபது பேரின் வாய்க்குள் போய் வேறு விதமாக வெளியே வரும்.

"உந்த வெக்கைக்குள்ள துரையின்ர மனிசி உவ்வளவு துணி சுத்திக்கொண்டு நிக்கிறா. அதுதான் உவவுக்கு உவ்வளவு கோவம்" என்பார் ஒரு அன்ரி.

மன்னாரிலிருந்து வந்த ஒருவர் எப்போதும் முன்வரிசையில் இருப்பார். பகிடி விடாமல் அவரால் மூச்சு விட முடியாது. நான் ஒருநாள் நாடகத்தை நிறுத்தி, சட்டம் வந்த பிறகும் அந்த மக்கள் 'பயிற்சித் தொழிலாளர்' என்ற பெயரில் இன்னும் சில வருடம் கூலியில்லாமல் வேலை செய்ய வைக்கப்பட்டதையும், அதற்குப் பிறகு அதே தோட்டங்களுக்கு எங்கள் பக்கத்து ஆட்களை இந்தியாவிலிருந்து கப்பலில் ஏற்றி இறக்கியதையும் விளக்கிக்கொண்டு போனேன். பத்து நிமிடம் பொறுத்தார். பிறகு கையை உயர்த்தி, "அண்ணை, நாங்கள் நாடகம் பார்க்க வந்தனாங்களோ, சோதினை எடுக்க வந்தனாங்களோ?" என்றார். சபை சிரித்தது. மச்சாள் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தாள்.

மச்சாளுக்கு அந்த நாடகத்தில் ஒருத்திமேல் பிடித்தம். துரையின் வீட்டில் சமைக்கிற பெண். வீட்டுத் திறப்புகள் எல்லாம் அவளுடைய இடுப்பில் தொங்கும். துரையின் பிள்ளையைத் தூக்கி வளர்த்ததும் அவள்தான். முதல் பகுதியிலேயே மச்சாள், "உவள் வேலை தெரிஞ்சவள். ஆனா உப்புப் பார்க்காமல் சட்டியை இறக்கிறாள்" என்று சொன்னாள். அதன் பிறகு அந்தப் பெண் வரும்போதெல்லாம் கதிரையின் நுனிக்கு வந்துவிடுவாள்.

ஆறாம் பகுதி, கெடு முடிந்து இரண்டாம் நாள் வந்தது.

கப்பல் ஒன்று வருகிறது. துரைக்கு ஒரு கடிதம். அடிமைகளை விடுதலை செய்யும் சட்டம் நிறைவேறிவிட்டது, இந்தத் திகதியில் எல்லோரையும் கூட்டி வாசித்துக் காட்ட வேண்டும் என்று அதில் இருக்கிறது. துரை வாசிக்கிறான். யன்னலால் பார்க்கிறான். கரும்பு வெட்டாமல் ஆளுயரத்துக்கு நிற்கிறது. கடிதத்தை மடித்து மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டித் திறப்பைச் சட்டைப் பைக்குள் வைக்கிறான். அந்த நேரம் அந்தச் சமையல்காரப் பெண் தட்டில் அவனுக்குக் குடிக்கக் கொண்டுவந்து வைக்கிறாள். அவன் நன்றிகூடச் சொல்லாமல் எடுத்துக் குடிக்கிறான்.

எங்கள் வீட்டை அந்தத் தோட்டத்தோடு ஒப்பிட எனக்கு உரிமை இல்லை. வாசலில் நின்ற மனிதரின் முப்பாட்டன்மார் பட்டது வேறு. நான் ஒப்பிட்டது, கடிதத்தை மடித்த அந்தக் கையை மட்டும்தான். அது எனக்கு நன்றாகத் தெரிந்த கை.

"என்னவாம் கடிதத்தில?" என்று தலைவி கேட்டார்.

"ஏதோ கப்பலில வந்த கடிதம். வேலை மும்முரத்தில வாசிக்க மறந்திட்டார்" என்றேன்.

பிறகு மச்சாளின் குரல் வந்தது.

"மறந்தவன் ஏன் பூட்டுறான்?"

"அதுதானே!" என்றார் மன்னார்க்காரர்.

"அவன் வாசிச்சவன் சேர்" என்றார் தலைவி. "கண் ரெண்டும் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடினத நான் பார்த்தேன். நாப்பது வருசம் பிள்ளைகள் வாசிக்கிறதப் பார்த்தவள் நான்."

வாசலில் நின்ற பராமரிப்பாளருக்கு அந்தக் காட்சியில் கோபம் ஏறியிருந்தது. கரும்பு வெட்டி முடியும்வரை ஒளிக்கிறான், எல்லாம் தெரிந்துகொண்டே ஒளிக்கிறான் என்று இங்கிலீஷில் சத்தமாகச் சொன்னார்.

"அவர் என்ன சொல்லுறார்?" என்று கேட்டார்கள்.

"அவருக்கும் வடிவா விளங்கேல்லையாம்" என்றேன்.

அந்த நல்ல மனிதரின் வாயில் நான் ஒரு பொய்யை வைத்துவிட்டேன். அவர் எனக்குத் தலையாட்டிப் புன்னகைத்தார், தான் சொன்னதைத்தான் நான் சொன்னேன் என்று நம்பி.

யாருக்கும் என் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. படமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. "அந்தத் திறப்பு அவனுக்குத் தொண்டையில சிக்க வேணும்" என்றார் மன்னார்க்காரர். ஒரு அன்ரி அவனுடைய வம்சத்தையே திட்டினார். மச்சாள் மட்டும் திட்டவில்லை. "அவள் கொண்டுவந்து வைக்கிறதையும் எடுத்துக் குடிக்கிறான் பாருங்கோ" என்றாள். நம்ப முடியாமல், மெதுவாகச் சொன்னாள்.

மண்டபத்திலிருந்து எங்கள் வீடு காரில் எட்டு நிமிடம். அந்த எட்டு நிமிடமும் அவள் துரையைப் பற்றியே பேசினாள். அந்தப் பெண் அன்றைக்கே எங்கே போவாள், யாரிடம் போவாள், கையில் திறப்பெல்லாம் வைத்திருந்தவளுக்கு அந்த ஒரு லாச்சித் திறப்பு மட்டும் இல்லாமல் போய்விட்டதே என்றாள். ஸ்ரீல்ஸ் வீதியில் ஒரு பிளாசாவுக்குள் காரைத் திருப்பி, எங்கள் ஆட்களின் பேக்கரிக்கு முன்னால் நிறுத்தினேன்.

"என்ன அத்தான், பாண் முடிஞ்சுதோ?"

"இல்லை பிள்ளை. உமக்கு வந்த கடிதம் விலாசம் கேட்டு வரேல்லை. உமக்கு வீடு கிடைச்சிருக்கெண்டு வந்தது. நான் பொய் சொன்னனான். கெடுவும் முடிஞ்சுபோட்டுது."

அவள் என்னைப் பார்க்கவில்லை. முன் கண்ணாடியில் வைப்பர் மழைத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தது.

"கடிதம் எங்க?"

"அகராதிக்குள்ள."

"எந்தப் பக்கத்தில?"

அது ஏன் அவளுக்குத் தெரிய வேண்டும் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. "பார்க்கேல்லை. நடுவில எங்கையோ" என்றேன்.

கதவைத் திறந்து இறங்கிப் பேக்கரிக்குள் போனாள். வெளியே வரும்போது கையில் ஒரு கடதாசிப் பை. அதற்குள் இரண்டு மட்டன் ரோல்ஸ். எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன். காருக்குள் இருந்து முதலாவதை ஆறுதலாகச் சாப்பிட்டாள். பிறகு இரண்டாவதையும் எடுத்துச் சாப்பிட்டாள். விரல்களைத் துடைத்தாள். முப்பத்து மூன்று வருடத்தில் எனக்குத் தராமல் அவள் சாப்பிட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"நாளைக்குக் காலமை அந்த ஒபீசுக்குப் போவம். இப்ப காரை எடுங்கோ" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் நான் ஒரு பக்கத்தில் ஒரு வாக்குமூலம் எழுதினேன். இந்தப் பெண்ணுக்கு வந்த கடிதத்தை நான் வேண்டுமென்றே தவறாக வாசித்தேன், அவள் உங்கள் வீட்டை மறுக்கவில்லை, குற்றம் முழுவதும் என்னுடையது என்று எழுதிக் கையெழுத்திட்டேன். எத்தனையோ பேரின் வாக்குமூலங்களை மொழிபெயர்த்தவன், என்னுடையதை எழுத நான்கு தாள்களைக் கிழித்தேன்.

அலுவலகத்தில் இருந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். என் வாக்குமூலத்தை வாசித்தாள். என்னை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி வாசித்தாள். அந்த வீடு செவ்வாய்க்கிழமையே வேறொருவருக்குப் போய்விட்டது என்றாள். ஆனால் இவர் மறுக்கவில்லை என்பது உண்மையானால், வரிசையில் இவருடைய இடத்தைப் பழையபடி வைத்திருக்கலாம். அதை இவரே சொல்ல வேண்டும்.

நான் மச்சாளின் பக்கம் திரும்பி, தொண்டையைச் செருமிக்கொண்டு, "பிள்ளை, இவ என்ன சொல்லுறா எண்டால்..." என்று தொடங்கினேன்.

"சேர்," என்றாள் அந்தப் பெண், மிக மரியாதையாக. "நீங்கள் இல்லை. தயவுசெய்து வெளியில் இருங்கள்."

தொலைபேசியில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை அழைத்தாள். பத்தொன்பது வருடம் உள்ளே இருந்தவன், கண்ணாடிக் கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் கதிரையில் இருந்தேன். அங்கே இருந்து பார்க்கலாம், கேட்க முடியாது. மச்சாள் தொலைபேசிப் பெட்டியை நோக்கிக் குனிந்து பேசினாள். கைகளை விரித்தாள். ஒரு இடத்தில் என்னைச் சுட்டிக்காட்டினாள். உடனே அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், மச்சாளும் சிரித்தாள், பெட்டிக்குள் இருந்த முகம் தெரியாத அந்த மொழிபெயர்ப்பாளரும் சிரித்திருக்க வேண்டும், ஏனென்றால் இரண்டு பேரும் பெட்டியைப் பார்த்து மறுபடி சிரித்தார்கள். இருபது நிமிடம். என்ன சொன்னாய் என்று வரும் வழியில் கேட்டேன்.

"அது எனக்கும் அவைக்கும் உள்ள கதை" என்றாள்.

மகளுக்கு நானே போன் பண்ணிச் சொன்னேன். "அப்பா, ஆர் யூ சீரியஸ்?" என்று கேட்டாள். பிறகு அவளும் என் மகள்தான் என்பதைக் காட்டினாள். "சித்தி எங்களோட வந்து இருக்கலாமே. பேஸ்மென்ற் சும்மாதானே கிடக்குது. கிட்ஸுக்கும் கொம்பனி."

மச்சாள் ரிசீவரை என்னிடமிருந்து வாங்கினாள். "பிள்ளை, நான் இப்பதான் ஒரு வீட்டிலையிருந்து வெளிக்கிடப் பார்க்கிறன்" என்றாள். மறுமுனையில் மகள் சிரித்துக்கொண்டே மன்னிப்புக் கேட்டது எனக்கும் கேட்டது.

அடுத்த புதன்கிழமை ஏழாம் பகுதிக்கு முன் நான் எழுந்து நின்றேன். வீட்டுக் கதையைச் சொல்லக்கூடாது என்று மச்சாள் காரிலேயே கட்டளை போட்டிருந்தாள். அதனால் நாடகத்தைப் பற்றி மட்டும் சொன்னேன். போன கிழமை அந்தக் கடிதக் காட்சியை நான் தெரிந்துகொண்டே பிழையாகச் சொன்னேன், வாசலில் நிற்பவர் சொன்னதையும் மாற்றிச் சொன்னேன், இரண்டுக்கும் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். அதையே இங்கிலீஷில் பராமரிப்பாளருக்கும் சொன்னேன். அவர் புருவத்தை உயர்த்தி, "நான் என்ன சொன்னதாகச் சொன்னாய்?" என்று கேட்டார். விளங்கவில்லை என்று சொன்னதாகச் சொன்னேன். "என் சொந்தக் கதையே எனக்கு விளங்கவில்லையா?" என்றார். துடைப்பத்தடியைச் சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு, "நிமிர்ந்து நின்று சொன்னாய். சரி" என்றார்.

எங்கள் ஆட்கள் அவ்வளவு சுலபமாக விடவில்லை.

"அப்ப மற்ற அஞ்சு கிழமையும் சொன்னது?" என்றார் மன்னார்க்காரர்.

"அதெல்லாம் சரி."

"அதை ஆர் கண்டது? மூண்டாம் பகுதியில துரையின்ர தம்பி நல்லவன் எண்டியள். எனக்கு அப்பவே சந்தேகம்."

தலைவி மணிக்கூட்டைப் பார்த்தார். முதலாம் பகுதியிலிருந்து திரும்பப் பார்ப்பது என்று தீர்மானம் நிறைவேறியது. எனக்கு இரண்டு பக்கமும் இங்கிலீஷ் தெரிந்த இரண்டு பேரைக் கதிரை போட்டு இருத்தினார்கள். நான் ஒரு வசனம் சொன்னால் வலப்பக்கத்தவர் "ஓம்" என்பார், இடப்பக்கத்தவர் "கிட்டத்தட்ட" என்பார். துரையின் தம்பி உண்மையில் நல்லவன்தான் என்பது மூன்றாம் வாரம் உறுதியானது. மன்னார்க்காரர் ஏமாற்றம் அடைந்தார். ஆறாம் பகுதியில் அந்தக் கடிதம் வந்தபோது நான் சொல்லுக்குச் சொல் சொன்னேன். இடப்பக்கத்தவர்கூட "ஓம்" என்றார். மச்சாள் ரீவியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அவள் சண்டை பிடிக்கவில்லை. பேசாமலும் இருக்கவில்லை. அரசாங்கக் கடிதங்களை மட்டும் தானே கிழித்தாள். நூலகத்தில் ஒரு இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தாள். விளங்காத சொல் வந்தால் அகராதியைத் தன் பக்கம் இழுத்து எழுத்து எழுத்தாகத் தேடுவாள். நான் வாயைத் திறந்தால் கையைக் காட்டி மறித்துவிடுவாள். ஒருநாள் சமையலறையில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டு, "இண்டையிலையிருந்து நீங்கள் சமைக்கிறியள், நான் சொல்லுறன்" என்றாள்.

என் முதல் புட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. குழலிலிருந்து அது வரவில்லை. தடியால் தள்ளினேன். ஒரே உருளையாக வந்து மேசையில் விழுந்து உருண்டது.

"தண்ணியைப் பாத்து விடுங்கோ எண்டனான். நீங்கள் வெள்ளம் விட்டிருக்கிறியள்."

"எவ்வளவு எண்டு அளவு சொல்லும்."

"அளவு கைக்குத் தெரியும்."

"என்ர கைக்குத் தெரியாதே."

"தெரியப் பண்ணுங்கோ. எனக்கும் ஆரும் சொல்லித் தரேல்லை" என்றாள், எழும்பாமல். அன்று நாங்கள் இருவரும் பாண் சாப்பிட்டோம். மேசையில், எதிரெதிராக இருந்து. இரண்டு மாதத்தில் புட்டு உதிர்ந்தது. மீன் குழம்பு இன்னும் சரிவரவில்லை.

ஐந்து மாதம் கழித்து மறுபடியும் கடிதம் வந்தது. அவள் அதை யன்னலடியில் நின்று இரண்டுமுறை வாசித்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள். "நான் விளங்கினது சரியோ எண்டு பாருங்கோ." ஆறாம் மாடியில் ஒற்றை அறை வீடு, பத்து நாள் கெடு என்று அவள் சொன்னாள். சரி என்றேன். நான் வாசித்து முடிப்பதற்குள் அவள் தொலைபேசியில் எண்ணை அழுத்தத் தொடங்கியிருந்தாள்.

குடிபோன நாளில் மகளும் மருமகனும் வான் கொண்டுவந்தார்கள். மச்சாளின் பொருட்கள் அந்த வானில் பாதியைக்கூட நிரப்பவில்லை. முப்பத்து மூன்று வருடத்துக்கு அது மிகக் குறைவு. நான் வெட்கப்பட்டு, சமையலறையிலிருந்து பெரிய சட்டி, இட்லிப் பாத்திரம், அம்மிக்குப் பதிலாக வாங்கிய மெசின் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வந்தேன்.

"உதெல்லாம் என்னத்துக்கு? ஒருத்திக்கு ஒரு சின்னச் சட்டி காணும். அதைவிட, நீங்கள் எதில சமைப்பியள்?" என்று திருப்பி அனுப்பினாள்.

அதற்குப் பிறகு ஐந்து வாரம் அவளிடமிருந்து ஒரு போனும் வரவில்லை. புதன்கிழமைக் கூட்டத்தில் பார்ப்பேன். தன் கட்டடத்திலிருந்து இரண்டு பேரை அழைத்து வந்து நடுவில் இருப்பாள். என்னிடம் சுகம் விசாரிப்பாள். வீட்டுக்கு வாங்கோ என்று சொல்லமாட்டாள். கேட்டுவிட வேண்டும் என்று வருவேன், கேட்காமல் திரும்புவேன். அவள் மன்னித்துவிட்டாளா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதைக் கேட்கிற தைரியம் எனக்கு இருக்கவில்லை.

ஆறாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், நானாகவே காரை எடுத்துக்கொண்டு போனேன். கீழே வாசலில் ஒரு பெட்டி. எண்ணை அழுத்தினால் மேலே வீட்டில் மணி அடிக்கும்.

"ஆரது?"

"நான்தான்."

"நான்தான் எண்டால்?"

"அத்தான்."

"ஓ, அத்தானோ. சொல்லாமல் வந்திட்டியள்." அவளுக்குப் பின்னால் மூன்று நான்கு குரல்கள் கேட்டன, யாரோ பலமாகச் சிரித்தார்கள். "இஞ்ச ஆக்கள் வந்திருக்கினம். இண்டைக்கு ஏலாது. வெள்ளிக்கிழமை வாங்கோ. வர முன்னம் போன் பண்ணுங்கோ."

முப்பத்து மூன்று வருடத்தில் அவள் என்னிடம் ஏலாது என்று சொன்னதில்லை. "சரி பிள்ளை" என்றேன். பெட்டி அணைந்துவிட்டது. உள்ளே போவதற்காக வந்த ஒரு முதியவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு எனக்காகக் காத்து நின்றார். வேண்டாம், என்னை வெள்ளிக்கிழமைதான் வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று சொன்னேன். ஏன் அவ்வளவு சந்தோசமாகச் சொன்னேன் என்று அவருக்கு விளங்கியிருக்காது. காரில் ஏறி யன்னலைத் திறந்துவிட்டு, விசில் அடித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

வந்த பிறகுதான் எத்தனை மணிக்கு என்று கேட்கவில்லை என்பது ஞாபகம் வந்தது. போன் பண்ணினேன். எடுக்கவில்லை. ஆட்கள் போன பிறகு அவளே திருப்பிப் போன் பண்ணினாள்.

"ஐஞ்சு மணிக்கு வாங்கோ. சாப்பாடு எதிர்பார்க்காதேங்கோ."

"இல்லை இல்லை. நான் சமைச்சுச் சாப்பிட்டிட்டு வாறன்."

"என்ன சமைக்கப் போறியள்?"

"மீன் குழம்பு."

"அப்ப எனக்கும் கொஞ்சம் கொண்டு வாங்கோ. எங்க பிழைக்குதெண்டு பார்ப்பம்" என்றாள்.